கதே பாடிய மாரி கதை

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி முதலிய சிற்றூர்களில் மாரியம்மன் கதையை அறியாதார் அரியர். மணலாற் குடம் வனைந்து நீர் முகக்கும் கற்புத்திறம் வாய்ந்தவள் இரேணுகை. நீரில் தோன்றிய கந்தருவன் நிழலை ஒரு நொடி வியந்தாள், தலையிழந்தாள். உயிர்ப்பிக்க வந்த மகன் பதற்றத்தால், ஒடுக்கப்பட்ட குலத்தாள் ஒருத்தியின் உடலில் அத்தலையைப் பொருத்திவிட்டான்.

பிரெஞ்சுக்காரராகிய சொன்னரா 1782-இல் வெளியிட்ட பயண நூலில் இக்கதையை எழுதினார். செருமானியப் பெருங்கவிஞர் கதே (1749–1832) அதனைக் கற்று, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நெஞ்சிற் சுமந்து, 1824-இல் ‘பாரியா’ என்னும் முப்பகுதிக் கவிதையாக வெளியிட்டார். அத்தலைப்பும் தமிழ்ச்சொல் ஒன்றின் திரிபே.

நம்மவர் வியப்போடு கேட்டுவந்த கதையில் கதே மக்களியல்பைக் கண்டார். உயர்ந்த எண்ணமும் அடங்கா விழைவும் ஓருடம்பில் ஓயாது பொருகின்றன. அத்துயரை உணர்ந்தவளே தாழ்ந்தோர்க்குத் தெய்வமாகிறாள். கவிதையின் இறுதியில் எளியவன் ஒருவன், தனக்காகப் பேச வானுலகில் ஒருத்தி உளள் என்று பிரமனுக்கு நன்றி கூறுகின்றான்.