பூச்சுக் காகிதமும் இங்க்ஜெட் அச்சும்

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டில் ‘புவன்’ என்னும் இணையவழி நிலப்படச் சேவையைத் தொடங்கியது. அதிலிருந்து தம் வட்டாரத்தின் படத்தை எடுத்து இங்க்ஜெட் பொறியில் அச்சிட்டுக்கொள்ளும் களப்பணியாளரும் ஆசிரியரும் உளர். படம் அழகாக அமையட்டும் என்று பளபளப்பான ஆர்ட் காகிதத்தை வாங்குவோர் ஏமாற்றமடைகின்றனர். கோடுகள் தடித்துவிடுகின்றன, நீல நிற ஏரி திட்டுத்திட்டாகத் தோன்றுகின்றது, விரல் பட்டால் மை இழுபடுகின்றது. இத்தகைய குறை பெரும்பாலும் பொறியினுடையதன்று, காகிதத்தினுடையது.

சாதாரண இங்க்ஜெட் மையின் பெரும்பகுதி நீரேயாகும். 4 பைக்கோலிட்டர் அளவுள்ள ஒரு துளியின் விட்டம் ஏறத்தாழ 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 50இல் ஒரு பங்கு. இத்துளி விழுந்தவுடன் நீர் உள்ளே இறங்க வேண்டும். நிறம் மேற்பரப்பின் அருகிலேயே நிற்க வேண்டும். பூச்சில்லாத காகிதத்தில் இரண்டும் சேர்ந்தே நார்களின் வழியே பரவுவதால், கோட்டின் ஓரம் பிசிறடித்து நிறம் மங்குகின்றது.

ஆர்ட் காகிதத்தின் நிலை வேறு. சீனக்களிமண், கால்சியம் கார்பனேட் ஆகியவற்றின் தூளை லேடெக்ஸ் பசையால் பிணைத்துப் பூசி, உருளைகளுக்கிடையே அழுத்தி அதனை வழவழப்பாக்குகின்றனர். ஆப்செட் அச்சின் எண்ணெய் மைக்கு அப்பரப்பு மிக ஏற்றது. நீர் மையோ எளிதில் உட்புகாமல் மேலேயே தேங்குகின்றது. அடுத்தடுத்த துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

இதன் விளைவு அழகுக்குறை மட்டுமன்று. 1:50,000 அளவுள்ள படத்தில் 0.1 மில்லிமீட்டர் கோடு தரையில் 5 மீட்டரைக் குறிக்கும். மை பரவி அது 0.5 மில்லிமீட்டர் ஆகுமானால் 25 மீட்டராகின்றது. வாய்க்காலின் எக்கரையில் நிலம் உள்ளது என்பதே ஐயத்துக்கிடமாகிவிடும்.

இங்க்ஜெட்டுக்கெனச் செய்யப்படும் நுண்துளைப் பூச்சுக் காகிதத்தில் சிலிக்காத் தூளும் பாலிவினைல் ஆல்கஹால் பசையும் பயன்படுகின்றன. சிலிக்காவின் நுண்துளைகள் நீரை விரைந்து உறிஞ்சுகின்றன. சாய மையின் நிறம் பொதுவாக எதிர்மின்னூட்டம் உடையது. ஆதலின் பூச்சில் நேர்மின்னூட்டமுள்ள பாலிமர் ஒன்றைச் சேர்த்து நிறத்தைப் பிடித்து நிறுத்துகின்றனர். ஆனால் அதே துளைகள் காற்றுக்கும் வழிவிடுவதால், ஓசோன் வாயு பட்டுச் சாயம் வெளிறக்கூடும். சுவரில் நெடுநாள் தொங்கவிடும் படத்துக்கும், பெங்களூரின் செப்டம்பர் மழையில் எடுத்துச் செல்லும் படத்துக்கும் நிறமித்துகள் மையே நல்லது. (சாய மையில் அச்சிட்ட படம் ஒன்று என் பையில் நனைந்து ஒரே ஊதாக் கறையானதை யான் கண்டுள்ளேன்.)

பல இங்க்ஜெட் காகிதங்களில் ஒரு பக்கம் மட்டுமே பூச்சு உண்டு. ஈர விரலால் இருபுறமும் ஓரமாகத் தொட்டால், பூச்சுள்ள பக்கம் சற்றே ஒட்டும். காகிதக் கட்டு முழுவதையும் வாங்குமுன் ஒரு தாளில் மஞ்சள் பட்டையின்மேல் மெல்லிய கருங்கோடுகளை அச்சிட்டு, 5 நிமிடங்களுக்குப்பின் விரலால் தேய்த்துப் பார்க்கலாம்.