சிறு தொழிலும் இடனறிதலும்

கருவிகள் செய்யும் தொழிலில், சிறு முதல் உடையோர் பெருநிறுவனங்களை எதிர்த்து நிற்றல் கூடுமோ? கூடும், ஆனால் நிற்கும் இடத்தைத் தேர்ந்தறிய வேண்டும். இதற்குச் சிங்கப்பூரிலேயே சான்று உண்டு.

1981-இல் சிம் வோங் ஹூ என்பார் நண்பர் ஒருவருடன் சைனாடவுனில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்று தொடங்கினார். கிரியேட்டிவ் டெக்னாலஜி என்பது அதன் பெயர். 1986-இல் அந்நிறுவனம் முழுக் கணினியொன்றைச் செய்து விற்க முயன்றது. ஐ.பி.எம். முதலிய பெருநிறுவனங்கள் ஆண்ட களம் அது, முயற்சி பலிக்கவில்லை.

எனினும் அக்கணினி பேசவும் இசைக்கவும் வல்லதாயிருந்தது. ஐ.பி.எம். வகைக் கணினிகளோ வெறும் ‘பீப்’ ஒலியே எழுப்பின. அக்குறையே சிறியோர்க்கு வாய்த்த இடம். 1989-இல் வந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் ஒலியட்டை, பிறர் செய்த கணினிக்குள்ளேயே பொருந்தியது. முன்பே விற்பனையிலிருந்த ஆட்லிப் அட்டைக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளும் அதில் இசைத்தன; அவ்வட்டையில் இல்லாத வசதியாக, பதிவுசெய்த மனிதக் குரலும் ஒலித்தது. வாங்கியவர் பழையதை இழவாமலே புதியதைப் பெற்றார். 1992-இல் அந்நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

பின்னர் அது கையடக்க இசைக்கருவியில் ஆப்பிளோடு நேர்நின்று மோதியது. காப்புரிமை வழக்கைத் தீர்த்துக்கொள்ள 2006-இல் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது; ஆயினும் சந்தை ஐபாடின் வசமே இருந்தது.

ஆகவே, பெரியோர் செய்வதையே தாமும் செய்தல் சிறியோர்க்குக் கேடு. பெரியோர் விட்ட குறையை நிறைத்தலே ஆக்கம். திருக்குறளில் ‘இடனறிதல்’ அதிகாரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இச்சான்றையும் மாணாக்கர்க்கு எடுத்துரைக்கலாம்.