வீட்டிலிருந்து கற்போம், வகுப்பறைக்குத் துணையாவோம்



பாலர் வகுப்பொன்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இருபத்தைந்து குழந்தைகள்; ஓர் ஆசிரியர். ஒரு குழந்தை தாயை நினைத்து அழுகிறது. மற்றொன்று கழிவறைக்குப் போகவேண்டும் என்று சொல்லத் தெரியாமல் நெளிகிறது. மூன்றாவது, எழுதுகோலைப் பிடிக்க வராமல் தாளைக் கிழித்துவிடுகிறது. ஆசிரியருக்கு இருப்பவை இரண்டே கைகள்! அவ்வேளையில் அருகில் நிற்க இன்னொருவர் வேண்டும். அவரே மாணவர் நிர்வாக உதவியாளர்.

இப்பணி நமக்குப் புதியதன்று. விடியுமுன் பிரட்டுக் களத்திற்குச் சென்ற தாய்மார்கள், தம் குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் ஒப்படைத்துவிட்டே பால்மரம் வெட்டச் சென்றார்கள். தொட்டில் ஆட்டி, பாலூட்டி, அழுகையை ஆற்றிய அந்த ஆயாவிடம் சான்றிதழ் இல்லை, அன்பு இருந்தது. பள்ளியின் கதையும் அத்தகையதே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என்று மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஜொகூர் அக்கூட்டில் சேராத மாநிலம். எனினும் இங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. அக்காலத்தில் பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ ஓய்வு வேளையில் ஆசிரியரானார். பின்னர் வந்த ஆசிரியர் பலர், வாரநாள்களில் கற்பித்து, வார இறுதியில் பயிற்சி வகுப்புக்குச் சென்று தகுதி பெற்றனர். வேலை செய்துகொண்டே கற்பது நம் சமுதாயத்தின் பழைய வழக்கம் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்று இப்பணிக்கு முறையான இடம் உண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. அரசாங்கப் பாலர் வகுப்பில் ஆசிரியரோடு ஓர் உதவியாளரும் பணியாற்றுகிறார். சிறப்புத் தேவையுடைய குழந்தை எதையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தபின், சிறப்புக் கல்வி வகுப்புகளில் உதவியாளரின் தேவை மேலும் உயர்ந்தது. அரசாங்கப் பள்ளிகளில் இப்பதவிக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் அடிப்படைத் தகுதி. பொதுச் சேவை ஆணையத்தின் வழி விண்ணப்பிக்கவேண்டும்.

அன்பு ஒன்றே போதாதா, பயிற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். அதற்கு விடை இங்கிலாந்திலிருந்து கிடைக்கிறது. அந்நாட்டிலும் வேல்சிலும் நடைபெற்று 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, உதவியாளரின் துணையை மிகுதியாகப் பெற்ற மாணவர்கள், அவர்களை ஒத்த பிற மாணவர்களைவிடக் குறைவாகவே முன்னேறினர் என்று கண்டது. குற்றம் உதவியாளர்களுடையது அன்று. போதிய ஆயத்தமின்றி அவர்களை வகுப்பில் நிறுத்தியதே காரணம். வேலையை முடித்துவிடவேண்டும் என்னும் ஆர்வத்தில், பிள்ளை சிந்திக்குமுன் அவர்களே விடையைச் சொல்லிவிட்டனர்.

இதனினும் எளிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் வினா எழுப்பியபின் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடியே காத்திருக்கின்றனர் என்று 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது, பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வாய் திறவாதவர்களும் பேசலாயினர். மூன்று விநாடி வாய்மூடியிருப்பது எளிதெனத் தோன்றும். முயன்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும்!

சட்டைப் பொத்தானை எடுத்துக்கொள்வோம். பிள்ளையால் பொத்தானிட இயலவில்லை. நாமே போட்டுவிட்டால் அரை நிமிடத்தில் காரியம் முடியும். பிள்ளையோ ஒன்றும் கற்றிராது. பயிற்சி பெற்ற உதவியாளர் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவார். சில நாள் கழித்துக் கடைசி இரண்டு படிகளை விடுவார். இவ்வாறு முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பின்னேறினால், ஒவ்வொரு முறையும் பிள்ளை, 'நானே முடித்தேன்' என்னும் மகிழ்ச்சியோடு எழும். உதவியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்வதே இக்கலையின் உயிர்நாடி.

இனி, சாஆ போன்ற சிற்றூரிலும் அதனைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழ்வோர் இதை எவ்வாறு கற்பது? குடும்பத்தை விட்டு நகரில் தங்கிப் படிக்க எல்லாராலும் இயலாது. ஆயினும் வழிகள் உள.

முதலாவது, தொலைக்கல்வி. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டே இதனைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2006ஆம் ஆண்டு வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. திறந்தநிலைக் கல்வியில் பாடநூலை வீட்டிலேயே கற்று, இணையவழி வகுப்பில் கலந்துகொண்டு, இடுபணிகளை எழுதி அனுப்பித் தேர்வு எழுதலாம். தொடக்கக் குழந்தைப்பருவக் கல்வியில் டிப்ளோமா பெற்றவர் தனியார் பாலர் பள்ளி ஆசிரியராகவும் உயரலாம்.

இரண்டாவது, திறன் சான்றிதழ். 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளைக் கொண்டது. அதற்கு மேல் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் உண்டு. குழந்தைப் பராமரிப்பிலும் கல்வியிலும் இச்சான்றிதழ் கிடைக்கிறது. ஏற்கெனவே குழந்தைகளோடு பணியாற்றிய பட்டறிவு உள்ளவர், தம் பணிக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டி மதிப்பீடு பெறவும் வழி வைத்துள்ளனர்.

மூன்றாவது, பட்டறிவையே நுழைவுச் சீட்டாக ஏற்கும் முறை. இளமையில் படிப்பை நிறுத்தியவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும். இருபது வயதைக் கடந்து, தொடர்புடைய பணி அனுபவமும் உடையவர், உரிய மதிப்பீட்டில் தேறினால் டிப்ளோமா கல்வியில் சேரலாம். மலேசியத் தகுதி முகமை இதனை நடத்துகிறது.

எனினும் இரண்டு எச்சரிக்கைகளை நாம் சொல்லியே ஆகவேண்டும். 'சில வாரத்தில் சான்றிதழ், உடனே அரசாங்க வேலை' என்னும் விளம்பரத்தை நம்பி உழைத்த பணத்தை இழந்துவிடாதீர்கள். கட்டணம் செலுத்துமுன், அப்படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் உள்ளதா என்று இணையத்தில் பாருங்கள். திறன் சான்றிதழாயின் திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேளுங்கள். சான்றிதழ் கதவைத் தட்டும் உரிமையைத் தருமே ஒழிய, பதவியை உறுதி செய்யாது. மேலும், குழந்தையைப் பற்றிய கல்வி முழுவதையும் வீட்டிலிருந்தே கற்க இயலாது. நூலில் படித்ததைப் பாலர் வகுப்பிலோ குழந்தைகள் காப்பகத்திலோ செய்து பழகவேண்டும்.

நாள்தோறும் ஒரு மணி நேரம் போதும். ஆனால் அது தவறாத ஒரு மணி நேரமாக இருத்தல் வேண்டும். மாலை வேலை முடிந்தபின், தொலைக்காட்சியை அணைத்து, தாய் ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமுமாக ஒரே மேசையில் அமரலாம். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை இன்று என்ன செய்தது, எங்கே தடுமாறியது, எவ்வளவு உதவி போதுமாயிற்று என்று அதில் நாலு வரி எழுதுங்கள். கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கமே நல்ல உதவியாளரை உருவாக்கும்.

கணவன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மனைவி படிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், பாத்திரம் துலக்குவதும் பிள்ளையைத் தூங்கவைப்பதும் உங்கள் பங்காகட்டும். மாணவச் செல்வங்களே, அம்மா புத்தகத்தோடு அமர்ந்தால் கேலி செய்யாதீர்கள். அவருக்குத் தெரியாத மலாய்ச் சொல்லை நீங்கள் கற்றுக்கொடுங்கள்.

முதன்முதல் பள்ளி வாசலை மிதிக்கும் தோட்டத்துக் குழந்தைக்கு, தன் அச்சத்தைத் தன் தாய்மொழியிலேயே கேட்டறியும் ஒருவர் அங்கிருப்பது பெரும்பேறு. அந்த ஒருவர் வெளியூரிலிருந்து வரட்டும் என்று நாம் காத்திருக்கவேண்டுமா? அவர் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கலாம். ஆயாக்கொட்டகையில் இருந்த அன்போடு, நாம் இன்று கல்வியையும் சேர்ப்போமாக!