பாலைவனத்துல மழை பெய்யுதா, மாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். பாலைவனக் காட்சி. ஒற்றை ஒட்டகம் மணல்மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. பின்னணி இசைகூடக் கிடையாது. அப்போது என் அக்கா மகள் என் காதருகே வந்தாள். வீட்டில் அவளுக்கு 'வாண்டு' என்று பெயர்.

"மாமா, பாலைவனத்துல மழை பெய்யுதா?"

மழை இல்லை. டிவி அலமாரியில் உட்கார்ந்திருந்த என் பழைய கணினியின் இரைச்சல் அது. அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியதை வாங்கி வந்து, எச்டிஎம்ஐ கேபிளால் டிவியோடு இணைத்து, "இனிமே நம்ம வீடே தியேட்டர்!" என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். பகலில் மிக்சியும் குக்கரும் தெருவில் போகும் வண்டிகளும் கத்துகிற கத்தலில் அதன் குரல் யாருக்கும் கேட்டதில்லை. நாங்கள் வாயை மூடிய பிறகுதான் அது வாயைத் திறந்தது.

"போர்வை போட்டு மூடிடலாமே" என்றாள் வாண்டு. கேட்க நல்ல யோசனைதான். ஆனால் மூடிய பத்து நிமிடத்தில் பெட்டி இன்னும் பெரிதாகக் கத்த ஆரம்பிக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போர்வையை மடித்து வைத்துவிட்டு, போன மாதக் காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டிக்கொண்டு வந்தாள். ஒரு முனை காதில், மறுமுனை பெட்டியருகே. 1816-இல் பாரிஸில் ரெனே லென்னக் என்ற மருத்துவர், ஒரு நோயாளியின் இதயத் துடிப்பைக் கேட்க இப்படித்தான் ஒரு தாளைச் சுருட்டினார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அது. வாண்டுக்கு அந்தக் கதை தெரியாது. அதனால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

குழலை நகர்த்த நகர்த்த, 'மழை' மூன்றாகப் பிரிந்தது. ரஃப் நோட்டில் அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: பெட்டிக்குப் பின்னால் 'ஊஊஊ'. பக்கவாட்டில் 'ஸ்ஸ்ஸ்'. அலமாரிப் பலகையில் 'ம்ம்ம்'.

பலகை ஏன் 'ம்ம்ம்' என்கிறது? அதற்கு மோட்டார் கிடையாதே!

பாடியது பலகை இல்லை, பெட்டிக்குள் இருந்த ஹார்டு டிஸ்க். அதில் கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தகடு ஒன்று நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது. 60-ஆல் வகுத்துப் பாருங்கள்: விநாடிக்கு 120 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை ஆட்டம். ஆக, விநாடிக்கு 120 அதிர்வு. அந்த அதிர்வு திருகாணி வழியாகக் கேபினட்டுக்கும், கேபினட்டின் கால் வழியாக மரப் பலகைக்கும் போகிறது. வீணைத் தந்திக்குக் குடம் எப்படியோ, ஹார்டு டிஸ்க்குக்கு என் டிவி அலமாரி அப்படி! தந்தியைத் தனியாக மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. குடத்தோடு சேர்ந்தால் சபையே கேட்கும்.

நம்பிக்கை வரவில்லையா? அம்மாவின் கைபேசியை வைப்ரேஷனில் போட்டு, ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். பிறகு நான்காக மடித்த துண்டின்மேல் வைத்து மறுபடியும். அதே கைபேசி, அதே மோட்டார். வித்தியாசத்தை உங்கள் காதே சொல்லும்.

நான் செய்த வேலை இதுதான். கணினி ஓடத் தேவையானவற்றை எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகமே இல்லை, எல்லாம் சில்லுகள். சுற்றாத பொருள் எதற்காகப் பாடப்போகிறது? படங்கள் மட்டும் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே இருந்தன. அதற்குச் சைக்கிள் கடையில் வாங்கிய பழைய டியூபைக் கீற்றாக வெட்டி, கேபினட்டுக்குள் ஒரு ஊஞ்சல் கட்டினேன். ரப்பர் அதிர்வை விழுங்கிவிட்டது. பலகையில் குழலை வைத்த வாண்டு, 'ம்ம்ம்'மை நோட்டில் அடித்தாள். (பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஊஞ்சல் ஆடக்கூடாது. இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.)

1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் இரண்டடி அகலமுள்ள தகடுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து பிடித்துவைத்தது சுமார் 50 லட்சம் எழுத்துகள், அதாவது இன்றைக்கு ஒரு சினிமாப் பாட்டு அளவு. அதற்கு எத்தனை டியூப் வேண்டியிருக்குமோ!

மிச்சம் 'ஊஊஊ', 'ஸ்ஸ்ஸ்'. இரண்டும் ஃபேன் சத்தம். ஃபேனைக் கழற்றி எறிந்துவிடலாமா? கூடாது. அது எதற்கு ஓடுகிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

மிக்சிக்குக் கொடுக்கிற மின்சாரம் சட்னி அரைக்கிறது. கணினிக்குக் கொடுக்கிற மின்சாரம் கணக்குப் போடுகிறது. ஆனால் கணக்குப் போட்டு முடித்த பிறகு அந்த மின்சாரம் எங்கே போகிறது? கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. செருகியில் மாட்டும் வாட் மீட்டரில் பார்த்தேன். படம் ஓடும்போது என் பெட்டி 90 வாட் இழுத்தது. அந்தக் காலத்துக் குண்டு பல்பைப் பற்றிப் பாட்டியிடம் கேளுங்கள். 60 வாட் பல்பையே எரியும்போது தொட முடியாது. அப்படி ஒன்றரை பல்பை ஒரு தகரப் பெட்டிக்குள் எரிய விட்டதுபோல!

இப்போது போர்வைக்கு வருவோம். மூடினால் சூடு வெளியே போகாது. கணக்குப் போடும் சில்லான பிராசசருக்குள்ளேயே வெப்பம் பார்க்கும் உணரி இருக்கிறது. சூடு ஏறியதும் அது சொல்ல, மதர்போர்டு ஃபேனை விரட்டும். அடக்க நினைத்தவன் ஏமாந்துபோவான். இரைச்சலைக் குறைக்க வேண்டுமானால் முதலில் சூட்டைக் குறைக்க வேண்டும்.

ஒரு படத்தைக் காட்ட எதற்கு இவ்வளவு சூடு? இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஃபுல் எச்டி படத்தின் ஒரு சட்டத்தில் (ஃபிரேமில்) குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080. பெருக்கினால் 20,73,600 புள்ளி. விநாடிக்கு 24 சட்டம். அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 5 கோடிப் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 3 பைட் என்று அப்படியே சேமித்தால், இரண்டு மணி நேரப் படம் 1,000 ஜிபியைத் தாண்டிவிடும்! ஆனால் நம்மிடம் இருக்கிற படம் நாலைந்து ஜிபிதானே?

காரணம் சுருக்கெழுத்து. ஒட்டகம் நடக்கிறது, வானமும் மணலும் அப்படியே இருக்கின்றன. 'முந்தைய சட்டத்தைப் போலவே, ஒட்டகம் மட்டும் இத்தனை புள்ளி தள்ளி' என்று எழுதினால் போதாதா? லீவு போட்ட தோழியிடம் "நேத்து நடத்தினதேதான், கடைசிப் பக்கம் மட்டும் புதுசு" என்று சொல்கிறீர்களே, அதே தந்திரம். பார்க்கும்போது இந்தச் சுருக்கத்தை விரித்தாக வேண்டும். விநாடிக்கு 24 தடவை, ஒரு தடவைகூடத் தாமதிக்காமல்.

விரிக்க இரண்டு வழி உண்டு. பிராசசரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போடுவது ஒரு வழி. இது கையாலேயே முறுக்குச் சுற்றுவது மாதிரி. இன்னொன்று, இந்த ஒரே வேலைக்கென்று சில்லுக்குள் செதுக்கிவைத்த தனிச் சுற்று. அது முறுக்கு அச்சு. இட்லி சுடத் தெரியாது, சாம்பார் வைக்கத் தெரியாது. முறுக்கு மட்டும் சரசரவென்று பிழிந்து தள்ளும், அலட்டிக்கொள்ளாமல். இன்றைய படங்கள் பலவற்றில் 2013-இல் வந்த எச்இவிசி என்னும் சுருக்குமுறை இருக்கிறது. என் பெட்டி அதற்கும் மூத்தது. அதனிடம் அந்த அச்சு இல்லை. பாவம், ராத்திரி முழுக்கக் கையாலேயே சுற்றியிருக்கிறது. வியர்க்காமல் என்ன செய்யும்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை நாள் அலைந்து, அந்தச் சுற்று உள்ள பிராசசரும் சின்ன மதர்போர்டும் வாங்கினேன். மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியையும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத நல்ல ரகமாகப் பார்த்து மாற்றினேன். ஏனென்றால் அங்கே வீணாவதும் சூடுதான். மீட்டர் இப்போது 20 வாட் காட்டியது. ஒலியை நான் இன்னும் தொடவே இல்லை. ஆனால் பாதிப் போர் முடிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். நானே திறக்கமாட்டேன்.

மீதமிருக்கும் சூட்டைச் சில்லிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும். பிராசசர் ஒரு பிஸ்கட் அளவுதான். அதன்மேல் ஒரு துவரம்பருப்பு அளவு தெர்மல் பேஸ்ட். கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று தங்கினால் சூடு கடக்காது, அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் பேஸ்ட். நிறையப் பூசினால் நல்லதென்று நினைத்து முதல் தடவை நான் தோசைக்கு நெய் விடுகிற மாதிரி விட்டேன். வழித்தெடுக்க அரை மணி நேரம்.

அதன்மேல், சூட்டைக் காற்றில் பரப்பும் தகடுகள் அடுக்கிய ஹீட் சிங்க். அதிலிருந்து வளைந்து போகும் செப்புக் குழாய்களைக் காட்டி, "இது கெட்டிக் கம்பியா, மாமா?" என்றாள் வாண்டு. இல்லை. உள்ளே வெற்றிடம், கூடவே சில துளித் தண்ணீர்.

இட்லிப் பானை மூடியைத் திறந்தால் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. மேலே போய் மூடியில் பட்டு, சூட்டை அங்கே இறக்கிவைத்துவிட்டுத் திரும்பத் தண்ணீராகிறது. குழாய்க்குள்ளும் இதே கதைதான். பிராசசர் பக்கம் அடுப்பு, தகடுகள் பக்கம் மூடி. தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காதா? காற்றழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். ஊட்டியிலேயே தண்ணீர் சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. காற்றே இல்லாத குழாய்க்குள் 40 டிகிரியிலும் ஆவியாகும். குளிர்ந்த தண்ணீர் திரும்பி வர, குழாயின் உட்சுவரில் பஞ்சு போன்ற செப்பு அடை இருக்கிறது. அகல் விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது தண்ணீரை இழுத்து வரும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் இதை உருவாக்கினார், விண்கலங்களை மனதில் வைத்து. அது இப்போது என் டிவி அலமாரிக்குள்!

கடைசியாக ஃபேன். பழையது 80 மி.மீ. அகலம், நிமிடத்துக்கு 3,000 சுற்று. அதற்குப் பதில் 120 மி.மீ. ஃபேன் வாங்கினேன். "சின்னதே இவ்ளோ கத்துது, பெரிசு கத்தாதா?" என்றாள் வாண்டு. நியாயமான கேள்வி. கணக்கைப் பாருங்கள். அகலம் ஒன்றரை மடங்கானால், ஒரு சுற்றில் தள்ளும் காற்று 1.5 × 1.5 × 1.5, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். அதனால் 3,000 சுற்று வேண்டாம், அதே காற்றுக்கு 890 போதும். சின்ன ஃபேனின் இறக்கை நுனி மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்தது. பெரியதன் நுனி 20 கிலோமீட்டரில் போகும். டவுன் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் உள்ள வித்தியாசம்.

அதோடு, நம் சூடே கால்பங்குக்கும் கீழே இறங்கிவிட்டதே! எனவே 890-ஐயும் பாதியாக்கினேன். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஒலி ஏறக்குறைய 15 டெசிபல் குறையும் என்பது பொறியாளர்கள் கணக்கு. ஒவ்வொரு 10 டெசிபலும் ஒலியின் ஆற்றலில் பத்து மடங்கு. 15 என்றால் முப்பதில் ஒரு பங்கு. நாம் பேசுவது சுமார் 60 டெசிபல், கிசுகிசுப்பது 30.

இன்னொரு சின்ன வேலையும் செய்தேன். சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகி 'டர்ர்ர்' என்று ஓட்டியிருக்கிறீர்களா? பழைய கேபினட்டில் ஃபேனுக்கு ஒட்டினாற்போல் தகர வலை இருந்தது. இறக்கைகள் அதைக் கடக்கும்போதெல்லாம் அதே 'டர்ர்'தான், மிக வேகமாக. தகரத்தை வெட்டிவிட்டு, மெல்லிய கம்பி வலையை விரற்கடை தள்ளிப் பொருத்தினேன்.

அடுத்த ஞாயிறு. அதே ஒட்டகம், அதே மணல்மேடு. வாண்டு குழலோடு பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின்னால், பக்கவாட்டில், பலகையில், எங்கும் ஒன்றுமில்லை. எனக்கு ஒரே பெருமை.

"ஆனா மாமா, இன்னும் மழை பெய்யுதே!"

குழலை மெல்ல மேலே தூக்கினாள். ஹாலின் நடுவில் சீலிங் ஃபேன். அகலம் 1,200 மி.மீ., நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று. ரஃப் நோட்டை எடுத்து அவளே கணக்குப் போட்டாள். நுனியின் வேகம் மணிக்கு 79 கிலோமீட்டர்.

"இதையும் கழட்டிடலாமா?"

"ஃபேன்ல யாராச்சும் கை வச்சீங்க, அப்புறம் இருக்கு!" என்று இருட்டிலிருந்து பாட்டியின் குரல்.

அது இன்னும் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, ஒரு காலண்டர் தாளைச் சுருட்டிக்கொண்டு ஹாலில் ஒரு சுற்று வாருங்கள். எத்தனை ஒலி அகப்பட்டது, அவற்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். வாண்டு படித்துப் பார்க்கக் காத்திருக்கிறாள்.