ரிசல்ட் வரும்வரை வலி காத்திருக்குமா?

2020 ஜூன் 5. டெல்லியை ஒட்டிய நொய்டா பகுதியில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு மூச்சுத்திணறல். கணவர் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அரசு, தனியார் என்று எட்டு மருத்துவமனைகளின் வாசல் ஏறி இறங்கினார். ஓரிடத்தில் படுக்கை இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில் வேறு எங்காவது போகச் சொன்னார்கள். பதின்மூன்று மணி நேர அலைச்சலுக்குப் பின் ஆம்புலன்ஸிலேயே அந்தப் பெண்ணின் உயிர் பிரிந்தது. வயிற்றிலிருந்த சிசுவும் போயிற்று.

அவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற விதி அன்று இல்லாமல் இல்லை. கர்ப்பகாலக் கவனிப்பு, பிரசவம், கருக்கலைப்பு எல்லாம் கொரோனா காலத்திலும் நிறுத்தக்கூடாத அத்தியாவசியச் சேவைகள் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே எழுதிவிட்டது. பரிசோதனை முடிவு வரவில்லை என்பதற்காகப் பிரசவம் உட்பட எந்த அவசரச் சிகிச்சையையும் தாமதிக்கக்கூடாது என்று மே 18 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) தெளிவாகச் சொன்னது. அப்படியும் நாடு முழுக்கப் பல மருத்துவமனை வாசல்களில் கர்ப்பிணிகள் கேட்ட வார்த்தை, ‘முதலில் ரிசல்ட் கொண்டு வாங்க’ என்பதுதான். சுற்றறிக்கை மேலிடத்திலிருந்து வார்டு வரை வந்து சேர்வதற்குள் இரண்டு உயிர் போய்விடுகிறது.

கொள்ளைநோய் தாய்மார்களைக் கொல்வது கிருமியால் மட்டுமல்ல என்பதற்குச் சியரா லியோனைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 2014-15ல் அந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் எபோலா பரவியபோது, ரத்தமும் நீரும் படும் பிரசவ அறையென்றால் ஊழியர்கள் நடுங்கினார்கள். மருத்துவமனைக்குப் போனால் எபோலா ஒட்டிக்கொள்ளும் என்று பெண்களும் ஒதுங்கினார்கள். இப்படிக் கவனிப்பு குறைந்ததால் மட்டும் தாய், பச்சிளம் குழந்தை, வயிற்றிலேயே இறந்த சிசு என்று ஏறத்தாழ 3,600 உயிர்கள் கூடுதலாகப் போயின என்று பின்னர் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்நாட்டில் எபோலாவே கொன்றவர்களின் எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட ஈடானது அது.

அங்கே இன்னொரு கொடுமையும் நடந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில் பல சிறுமிகள் கர்ப்பமானார்கள். 2015ல் பள்ளிகள் திறந்ததும், வயிறு தெரியும் மாணவிகள் வகுப்புக்கு வரக்கூடாது என்று அரசு தடை போட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது 2019 டிசம்பரில். அரசு தடையை விலக்கியது 2020 மார்ச் கடைசியில். விலக்கிய கையோடு கொரோனாவுக்காகப் பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன!

கருக்கலைப்பின் சிக்கல் வேறு. அதற்கு வாரக்கணக்கு உண்டு. ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 முதல் மூன்று மாதங்களில் இந்தியாவில் சுமார் 18.5 லட்சம் பெண்களுக்கு அந்தச் சேவை தடைபட்டிருக்கும் என்பது ஐபாஸ் வளர்ச்சி அறக்கட்டளையின் மதிப்பீடு. பஸ் ஓடாத ஒரு மாதம், மாத்திரையோடு முடிய வேண்டியதை அறுவை அரங்கு வரை கொண்டுபோய்விடும். 2021ல் திருத்தப்பட்ட சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள் ஒப்புதல் தர வேண்டும். மணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை. அந்தப் பெண்ணின் பெயரை வெளியே சொல்வது மருத்துவர் தரப்பின் குற்றம்.

தடுப்பூசியிலும் கர்ப்பிணிகள் கடைசி வரிசையில்தான் நின்றார்கள். 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது ஜூலை 2 அன்று. இரண்டாம் அலை அந்த இடைவெளியில்தான் அடித்து ஓய்ந்தது.

கொரோனா போனாலும் காய்ச்சல் காலம் போவதில்லை. வெள்ளம் வடிந்தபின் குடிநீரில் கழிவு கலந்தால் வரும் ஹெபடைடிஸ் இ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே ஆறும் மஞ்சள் காமாலை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது தாக்கினால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே கொதிக்கவைத்த நீர். டெங்கு சீசனில் காய்ச்சல் என்றால் மெடிக்கலில் கேட்டு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் விழுங்கக்கூடாது. ரத்தக்கசிவு ஆபத்து கூடும். பாராசிட்டமாலோடு அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஃப்ளூ ஊசி கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது. உயிருள்ள கிருமியால் ஆன அம்மை வகைத் தடுப்பூசிகள் கூடாது.

மருத்துவமனை திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? 1992ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயக் கூலியை, படுக்கை இல்லை என்று கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் மாறி மாறி விரட்டின. அரசு மருத்துவமனை அவசரச் சிகிச்சையை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையையே பறிப்பது என்று 1996ல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடும் தரச்சொன்னது. கொள்ளைநோய்க் காலத்துக்கு இதில் விலக்கு எதுவும் சொல்லப்படவில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்த பிக்மி (PICME) நம்பர் இல்லை, ஆதார் இல்லை என்ற காரணங்களும் வலியோடு வந்தவரிடம் செல்லாது. அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, வீடு திரும்ப வண்டி எல்லாமே 2011 முதல் இலவசம்.

வாசலில் சண்டை போடுவதைவிட, பணியிலுள்ள டாக்டரின் பெயரைக் கேட்டு, மறுக்கும் காரணத்தை ஓ.பி. சீட்டில் எழுதித் தரச்சொல்வது பலன் தரும். எழுத வேண்டும் என்றதும் பல ‘இல்லை’கள் ‘இருக்கிறது’ ஆகிவிடும். எழுதித் தர மறுத்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் பேசலாம். தாயைக் காப்பாற்றிய பிறகு மற்றது: காசு வாங்கும் மருத்துவமனை என்றால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையம், அரசு மருத்துவமனை என்றால் மனித உரிமை ஆணையம் அல்லது உயர் நீதிமன்றம். வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து யாரும் விட்டுவிட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. ஏழாம் மாதத்திலேயே அந்த எண்ணையும் 108, 104 ஆகியவற்றையும் தாய்-சேய் நல அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, கூடவே பிரசவத்துக்கு இரண்டாவதாகப் போகக்கூடிய மருத்துவமனையின் பெயரையும் குறித்து வையுங்கள்.