தோட்டத்தைக் காக்கும் கடமை

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்த் தேவாலய வளாகத்தில் நின்றிருந்த நான்கு வேப்ப மரங்களை வெட்டுவது குறித்து ஆலயக் குழுவில் பேசப்பட்டது. ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோரின் கார்களை நிறுத்த இடம் போதவில்லை என்பதே காரணம். அரை மணி நேரத்தில் முடிவு எட்டப்பட்டது. கை உயர்த்தியவர்களுள் நானும் ஒருவன். இன்று அந்த இடத்தில் சிமெண்ட் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. சித்திரை வெயிலில் அங்கே வெறுங்காலுடன் நடக்க இயலாது.

அந்தக் கூட்டம் ஜெபத்துடன் தொடங்கி ஜெபத்துடன் நிறைவுற்றது. ஆனால், மரங்களைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நான் காலம் கடந்து கேட்டுக்கொண்ட கேள்வி அது.

இக்கேள்வியை உலக அளவில் கூர்மையாக எழுப்பியவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட். 1967-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, சூழல் நெருக்கடியின் வேர்களை மேற்கத்திய கிறிஸ்தவச் சிந்தனையில் தேடியது. இயற்கை மனிதனின் பயன்பாட்டுக்காகவே படைக்கப்பட்டது என்ற எண்ணத்தை அச்சமயம் வளர்த்தது என்பது அவரது குற்றச்சாட்டு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில், பூமியைக் கீழ்ப்படுத்தி உயிரினங்களை ஆளும்படி மனிதருக்குச் சொல்லப்படுவது இக்குற்றச்சாட்டுக்குச் சான்றாகக் காட்டப்படுவது வழக்கம்.

குற்றச்சாட்டை முற்றிலும் மறுப்பதற்கில்லை. காடுகளை அழித்தவர்களும் சுரங்கங்களைத் தோண்டியவர்களும் அவ்வசனத்தைத் தங்களுக்குக் கிடைத்த உரிமைப் பத்திரமாகக் கொண்டதுண்டு. ஆயினும், அந்த ஒரு வசனத்தோடு வேதம் முடிந்துவிடவில்லை. ஆளுதலைக் குறிக்க அங்கு வரும் எபிரேயச் சொல் 'ரதா'. அதே சொல் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலிலும் வருகிறது. நலிந்த ஆடுகளைத் தேற்றாமல், அவற்றைக் கொடுமையாக ஆண்ட மேய்ப்பர்களை அவர் அங்கே கடிந்துகொள்கிறார். ஆளப்படுவோரை வாழவைக்காத ஆட்சி கடவுளின் தீர்ப்புக்கு உள்ளாகும் என்பதே அதன் பொருள்.

ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் இதை மேலும் தெளிவாக்குகிறது. ஏதேன் தோட்டத்தில் வைக்கப்பட்ட மனிதனுக்கு இரண்டு பணிகள் தரப்படுகின்றன: அதைப் பண்படுத்துவது, அதைக் காப்பது. பண்படுத்துதலுக்குரிய எபிரேயச் சொல்லுக்கு ஊழியம் செய்தல் என்ற பொருளும் உண்டு. காத்தலுக்குரிய சொல் 'ஷாமர்'. ஆசாரியர்கள் மக்களை ஆசீர்வதிக்கையில், கடவுள் உங்களைக் காப்பாராக என்று சொல்லும் இடத்திலும் இச்சொல்லே வருகிறது. ஆபேல் எங்கே என்று கடவுள் வினவியபோது, தன் தம்பிக்குத் தான் என்ன காவலாளியா என்று காயீன் திருப்பிக் கேட்டதிலும் இதே சொல்தான். கடவுள் நம்மைக் காப்பதும், நாம் உடன்பிறந்தாரைக் காப்பதும், நிலத்தைக் காப்பதும் ஒரே வினைச்சொல்லால் சொல்லப்படுகின்றன. தம்பியைக் காக்கத் தவறியவனுக்கு நிலமும் தன் பலனைத் தர மறுத்தது என்று அக்கதை தொடர்கிறது.

இது கவித்துவமான கருத்தாக மட்டும் நின்றுவிடாமல் சட்டமாகவும் வகுக்கப்பட்டது. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் ஓய்வுகொள்ளவிட வேண்டும் என்கிறது லேவியராகமம். நிலம் கடவுளுடையது, மக்கள் அதில் தங்கியிருக்கும் அந்நியரே என்பதும் அதே அதிகாரத்தில் உள்ளது. ஒரு நகரை முற்றுகையிடும் காலத்தில்கூடக் கனிதரும் மரங்களை வெட்டக்கூடாது என்கிறது உபாகமம். போர்க்களத்துக்கே அவ்விதி என்றால், வாகன நிறுத்துமிடத்துக்கு என்ன விதி என்று நான் என்னையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

இவ்வேத மரபைக் காலங்காலமாகக் கண்ணுக்குத் தெரியும்படி காத்துவரும் கிறிஸ்தவர்களும் உண்டு. வடக்கு எத்தியோப்பியாவின் தெற்கு கோந்தர் பகுதியை வானிலிருந்து எடுத்த படங்களில் பார்த்தால், பழுப்பு நிற வயல்களுக்கு நடுவே பச்சை வட்டங்கள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையின் ஓர் ஆலயம் இருக்கிறது. சுற்றிலும் இருந்த காடுகள் வேளாண்மைக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பலியான பின்னும், ஆலயத்தைச் சூழ்ந்த காட்டில் மக்கள் கை வைக்கவில்லை. காடு இல்லாத ஆலயத்தை அவர்களால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. நம் கிராமங்களின் கோயில் காடுகளை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அக்காடுகளுக்கும் ஆபத்து வந்தது. கால்நடைகள் உள்ளே புகுந்து இளங்கன்றுகளை மேய்ந்தன. முதிய மரங்கள் சாய்ந்தபின் அவற்றின் இடத்தை நிரப்பக் கன்றுகள் இல்லை. அந்நாட்டுச் சூழலியலாளர் அலெமாயெஹு வாஸி, அமெரிக்க அறிஞர் மார்கரெட் லோமனுடன் சேர்ந்து குருமார்களிடம் பேசினார். ஊர் மக்கள் கற்களைக் கொண்டுவந்து காடுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பினர். சுவருக்குள் கன்றுகள் மீண்டும் தலைதூக்கின. பக்தி காட்டைக் காத்து வைத்திருந்தது; அதைத் தொடர்ந்து காக்க அறிவியலும் உழைப்பும் தேவைப்பட்டன.

உலகத் திருச்சபைகளும் மெல்ல விழித்துக்கொண்டன. 1989-இல் கான்ஸ்டான்டிநோபிளின் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ், செப்டம்பர் முதல் நாளைப் படைப்புக்கான இறைவேண்டல் நாளாக அறிவித்தார். அவருக்குப் பின் வந்த பர்த்தலோமேயு, இயற்கைக்கு எதிரான குற்றத்தைப் பாவம் என்றே 1997-இல் பெயரிட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடல், வேதத்தைக் கிறிஸ்தவர்கள் சில வேளைகளில் பிழையாகப் பொருள்கொண்டதை ஒப்புக்கொண்டது. பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது.

இவ்விரண்டு குரல்களையும் பிரிக்க முடியாது என்பதைக் குமரி மாவட்டக் கடற்கரை அறியும். 2017-இல் ஒக்கி புயலில் உயிரிழந்தோரிலும் காணாமற்போனோரிலும் பெரும்பாலோர் மீனவர்கள். ஒரு புயலை மட்டும் சுட்டி, இது புவி வெப்பமாதலால் வந்தது என்று கூறுவது அறிவியலாகாது. ஆனால், வெப்பமடையும் கடல் புயல்களுக்கு வலுவூட்டுகிறது என்பதும், அதற்கு முதலில் விலை கொடுப்பவர் கட்டுமரத்திலும் விசைப்படகிலும் கடலுக்குச் செல்பவரே என்பதும் உண்மை.

சபைகளுக்குள் நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு ஒன்றுண்டு. இவ்வுலகம் ஒருநாள் ஒழிந்துபோகும், புதிய வானமும் புதிய பூமியும் வரும், எனவே ஆத்துமாக்களின் மீட்பைப் பார்ப்போம் என்பார்கள். மனித உடலும் அழியக்கூடியதே. அதற்காக நம் மிஷனரிகள் மருத்துவமனைகளைக் கட்டாமல் இருந்தார்களா? நோயுற்ற உடலைப் பேணுவது நற்செய்தியின் பகுதியென்றால், நோயுற்ற நீர்நிலையைப் பேணுவதும் அவ்வாறே ஆகும். படைப்பு முழுவதும் மீட்புக்காக ஏங்கித் தவிக்கிறது என்று ரோமருக்கு எழுதிய பவுல், மீட்பை மனிதரோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

தமிழகத்தில் திருச்சபைகளின் பொறுப்பில் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் கல்லறைத் தோட்டங்களும் உள்ளன. அவற்றின் மண்ணும் கிணறுகளும் மரங்களும் நம் கையில் ஒப்படைக்கப்பட்டவை. காணிக்கைக்கு ஆண்டுதோறும் கணக்கு வைக்கும் நாம், எத்தனை மரங்கள் நட்டோம், எத்தனை இழந்தோம், எவ்வளவு மழைநீரை நிலத்துக்குள் அனுப்பினோம் என்பதற்கும் கணக்கு வைக்கலாம். அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரையும் பூசணியையும் பீடத்தின் முன் படைத்து நன்றி சொல்கிறோம். அவற்றை விளைவித்த நிலம் எந்நிலையில் இருக்கிறது என்று கேட்பதும் அந்நன்றியின் பகுதியே.

அண்மையில் நடந்த ஆலயக் குழுக் கூட்டத்தில், சிமெண்ட் கற்களில் ஒரு பகுதியைப் பெயர்த்து மீண்டும் வேம்பு நட வேண்டும் என்று கேட்டேன். நான்கு கார்களுக்கான இடம் குறையும் என்றார் ஒருவர். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. மரங்களை வெட்ட அரை மணி நேரம் போதுமாயிருந்தது. திரும்ப நடுவதற்கு எத்தனை கூட்டங்கள் ஆனாலும், அந்தக் கோரிக்கையுடன் ஒவ்வொன்றிலும் கை உயர்த்துவேன்.