நெறி கட்டினால் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்

காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல் சொத்தையானால் தாடைக்கு அடியில் கட்டும். கிருமியோடு போராடும் நிணநீர்க் கணுக்களின் வீக்கம் அது. தொட்டால் வலிக்கும், புண் ஆறியதும் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். வலிக்காத கட்டியைத்தான் பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இரண்டு வாரமாகியும் வடியாத கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, அசைத்தால் நகராமல் இறுகிய கட்டி, காறை எலும்புக்கு மேலே தோன்றும் எந்தக் கட்டியும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். நம் நாட்டில் கழுத்து நெறிக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமலும் அது வரும். லிம்போமா என்ற புற்றுநோயும் இப்படித் தொடங்கலாம். அக்குள் கட்டி மார்பகப் புற்றின் அடையாளமாக இருக்கலாம்.

மருத்துவர் என்ன பார்க்க வேண்டும்?

கழுத்து, காறை எலும்புக் குழி, அக்குள், தொடை இடுக்கு எல்லாவற்றையும் விரல் நுனியால் தடவி, அளவு, இறுக்கம், வலி, அசைவு, கட்டிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பார். ஐயமிருந்தால் ஸ்கேன், ஊசிப் பரிசோதனை, தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை. ஊசி குத்தினால் நோய் பரவும் என்று பயந்து தவிர்ப்பதுதான் ஆபத்து.

செய்யக் கூடாதவை

மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். லிம்போமா கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பரிசோதனையிலும் நோய் பிடிபடாமல் போகலாம். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் காசநோயை மறைத்துவிடும். சூடு போடுவதும் கீறிவிடுவதும் ஆறாத புண்ணில் முடியும்.

உங்கள் உரிமை

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனப்படி, நோய் பற்றிய விளக்கம், மருத்துவ ஆவணங்களின் நகல், வேறொரு மருத்துவரின் கருத்து ஆகியவற்றைப் பெறலாம். பெண்ணை ஆண் மருத்துவர் பரிசோதித்தால் உடன் ஒரு பெண் இருக்க வேண்டும்.

எங்கே போகலாம்?

அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவியும் உண்டு. காசநோய் உதவி எண் 1800-11-6666; தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். மருத்துவரின் கவனக்குறைவு பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், இழப்பீடு கோரி நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம்.

கட்டியைத் தொட்டே பார்க்காமல் மாத்திரை எழுதினால், "கை வைத்துப் பாருங்கள் டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.